பரிசு, விருது, நிவந்தம்: நாடகத்தைத் தேர்வோரும் நாடகத்தின் வாழ்வும்



நாடகத்துக்கு வழங்கப்படும் சிறப்புகளைக் குறிக்கத் தமிழில் மூன்று சொற்கள் உள்ளன. ஒன்று பரிசு. சங்க இலக்கியம் இதனைப் 'பரிசில்' என்று வழங்கியது. பாணரும் புலவரும் தாம் படைத்ததைக் காட்டிப் பெற்ற கொடை அது. புறநானூற்றுத் துறைகளில் பரிசில் துறை, பரிசில் கடாநிலை, பரிசில் விடை எனப் பல உண்டு. இரண்டாவது விருது. கொடி, சின்னம், பட்டப்பெயர் என்னும் பொருள்களில் வழங்கிவந்த இச்சொல், ஒருவரை அடையாளப்படுத்தும் சிறப்பைக் குறிக்கிறது. மூன்றாவது நிவந்தம். ஒரு பணி ஆண்டுதோறும் தடையின்றி நடைபெறுவதற்காக நிலமாகவோ நெல்லாகவோ பொன்னாகவோ எழுதிவைக்கப்பட்ட நிலையான ஏற்பாடு அது. கல்வெட்டுப் படித்தவர்க்கு நன்கு அறிமுகமான சொல். இன்று அன்றாட வழக்கில் இல்லை.

பரிசு படைப்பைப் பார்க்கிறது. விருது ஆளைப் பார்க்கிறது. நிவந்தம் அடுத்த ஆண்டைப் பார்க்கிறது. கவிதைக்கும் கதைக்கும் முதல் இரண்டு போதும். அச்சேறிய கதை, வாசகன் ஒருவன் இருக்கும்வரை நிறைவான படைப்பே. நாடகம் அப்படியன்று. நடிகரும் அரங்கும் அவையும் கூடும்போதே அது முழுமை பெறுகிறது. எனவே நாடகப் பரிசின் வரலாற்றை ஆராய்வோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். தேர்ந்தவர் யார்? அவர்கள் தேர்ந்தது ஏட்டையா, ஆட்டத்தையா? தேர்வுக்குப் பின் அந்நாடகத்துக்கு மேடை கிடைத்ததா? இம்மூன்று வினாக்களையும் தமிழ் வரலாற்றிலும் உலக வரலாற்றிலும் சில இடங்களில் பொருத்திப் பார்த்து, நாம் வாழும் இப்பினாங்குத் தீவுக்கு அதனால் விளையும் பாடம் யாது எனக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

தலைக்கோலும் பச்சை மாலையும்

தமிழில் மேடைக்கலைக்கு வழங்கப்பட்ட சிறப்பை விரிவாகச் சொல்லும் பழைய இலக்கியச் சான்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கிய மாதவி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழ மன்னன் முன் ஆடினாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணங்களை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக வரையறுக்கிறார். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவும் கூறுகிறார். மன்னன் அவளுக்குத் தலைக்கோல் பட்டமும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையும் வழங்கினான்.

தேர்ந்தவன் மன்னன். தேரப்பட்டது கண்முன் நிகழ்ந்த ஆட்டம். பின்விளைவு யாது? அதே மாலையைக் கூனி ஒருத்தி நகர நம்பியர் திரியும் மறுகில் விற்பனைக்கு நிறுத்தினாள். மாலையைப் பெறுவோன் மாதவியைப் பெறுவான் என்பது அதன் பொருள். கோவலன் வாங்கினான். அவள் கலைக்குக் கிடைத்த பரிசே அவளுக்கு விலையாயிற்று. பரிசு கொடுப்பவர் மேடையை விட்டு எழுந்து சென்ற பிறகு அப்பரிசு என்ன ஆகிறது என்பதைக் கேட்க வேண்டும் என்று நமக்கு முதலில் கற்பித்தவர் இளங்கோவடிகள் எனலாம்.

நூற்றிருபது கலம் நெல்

தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திர சோழனின் 6ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. காலம் 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. வைகாசிப் பெருவிழாவில் இராசராசேச்சுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்பவனுக்கும் அவன் வழியினருக்கும் நாள் ஒன்றுக்குத் தூணி நெல்லாக, ஆண்டுக்கு 120 கலம் நெல் அளக்க வேண்டும் என்று அது ஆணையிடுகிறது. அவனுக்கு விசயராசேந்திர ஆசாரியன் என்னும் பட்டமும் இருந்தது. ஆக விருதும் உண்டு, நிவந்தமும் உண்டு.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் கருதத்தக்கது. நாடகம் சிறந்தது என்று ஒரு நாள் பாராட்டிவிட்டுப் போகவில்லை. எந்த விழாவில், எந்த இடத்தில், யார் ஆடுவது, அவர்க்கு உணவு எங்கிருந்து வருவது என்பன அனைத்தும் கல்லில் வெட்டப்பட்டன. ஆடுவோன் மறைந்தாலும் அவன் வழியினர் தொடர வேண்டும் என்பதும் வெட்டப்பட்டது. ஆயினும் அந்நாடகத்தின் ஏடு நமக்குக் கிடைக்கவில்லை. நெல்லின் அளவு தெரியும். உரையாடலில் ஒரு வரியும் தெரியாது. ஆட்டத்தைக் காத்தவர்கள் ஏட்டைக் காக்க ஏற்பாடு செய்யவில்லை. பிற்காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று என்பதை மேலே காண்போம்.

ஏதென்சு நகரத்து ஐந்து வாக்குகள்

ஏட்டையும் ஆட்டத்தையும் ஒருங்கே காத்த நகரம் ஒன்று உலக வரலாற்றில் உண்டு. கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்சில், தியோனிசசுத் தெய்வத்தின் விழாவில் ஆண்டுதோறும் துன்பியல் நாடகப் போட்டி நடந்தது. போட்டிக்கு வரும் மூன்று புலவர்களை முன்னதாகவே தேர்ந்தவர் அவ்வாண்டின் தலைமை அதிகாரியாகிய ஆர்க்கன். தேர்வு பெற்றவர்க்குப் பாடற்குழு ஒன்று ஒதுக்கப்பட்டது. அக்குழுவின் செலவைச் செல்வர் ஒருவர் ஏற்க வேண்டும். ஆகவே ஏதென்சில் தேர்வு என்றாலே மேடை என்று பொருள். மேடை இல்லாத தேர்வு அங்கே இல்லை.

இறுதிப் பரிசை முடிவு செய்தவர்கள் புலமையாளர் அல்லர். நகரத்தின் பத்துக் குலப்பிரிவுகளிலிருந்தும் ஒருவராகக் குடவோலை போன்ற முறையில் பத்துப் பேர் எடுக்கப்பட்டனர். உத்திரமேரூர்க் கல்வெட்டை அறிந்த தமிழர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. பத்துப் பேரும் ஓலை இட்டனர். அவற்றுள் ஐந்தை மட்டும் எடுத்து எண்ணினர். கையூட்டுக்கும் கட்சிக்கும் இடங்கொடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

முடிவுகள் எப்போதும் பிற்காலத்தார் கருத்தோடு பொருந்தவில்லை. கி.மு. 431இல் யூரிப்பிடீசின் 'மெதேயா' இடம்பெற்ற தொகுதி மூன்றாம் இடத்தையே பெற்றது. சோபோக்கிளீசின் 'ஈடிப்பசு மன்னன்' முதலிடம் பெறவில்லை என்றும், அன்று வென்றவர் பிலோக்கிளீசு என்றும் பழைய குறிப்பு கூறுகிறது. வென்ற பிலோக்கிளீசின் நாடகங்களுள் ஒன்றும் இன்று முழுமையாக இல்லை. தோற்ற நாடகங்களோ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக ஆடப்படுகின்றன.

இது எவ்வாறு நேர்ந்தது? கி.மு. 386இல் பழைய நாடகங்களை மீண்டும் ஆட அதே விழாவில் இடம் ஒதுக்கப்பட்டது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலைக்கர்கசு என்னும் தலைவர், மூன்று பெரும் புலவர்களின் நாடகங்களுக்கும் அரசுப் படிகள் எழுதிவைக்கச் செய்தார். நடிகர்கள் அப்படிக்கு மாறாகப் பேசுதல் கூடாது என்றும் விதித்தார். முதல் தேர்வு தவறியபோதும் மறு ஆட்டமும் ஏட்டுக் காப்பும் அத்தவற்றைத் திருத்திவிட்டன. தேர்வோர் பிழைபடுதல் இயல்பு. பிழையைத் திருத்தும் வாயில் திறந்திருக்கிறதா என்பதே பெரிது.

புலிட்சர்: அறமும் அரங்கும்

நம் காலத்தில் உலகெங்கும் பேசப்படும் நாடகப் பரிசு அமெரிக்காவின் புலிட்சர் பரிசு. செய்தித்தாள் உரிமையாளர் சோசப்பு புலிட்சரின் உயிலால் தோன்றியது. 1917இல் நாடகத்துக்குப் பரிசு வழங்கப்படவில்லை. 1918இல்தான் முதன்முதலாக வழங்கப்பட்டது. நல்லொழுக்கம், நற்சுவை, நன்னடத்தை ஆகியவற்றை உயர்த்தும் ஆற்றல் மேடைக்கு உண்டு என்பதைச் சிறப்பாகக் காட்டும் நாடகத்துக்கே பரிசு என்பது அன்றைய விதி. நாடகம் நியூயார்க்கில் மேடையேறியிருக்கவும் வேண்டும்.

இங்கே தேர்வு இரண்டு படிகளில் நடக்கிறது. நாடகம் அறிந்த நடுவர் சிலர் முதலில் பரிந்துரைப்பர். இறுதி முடிவு ஆட்சிக்குழுவின் கையில். அக்குழுவில் நெடுங்காலம் செய்தித்தாள் ஆசிரியர்களே மிகுந்திருந்தனர். 1935இல் பரிசு பெற்ற நாடகம் குறித்து அதிருப்தியுற்ற நியூயார்க்குத் திறனாய்வாளர்கள் அவ்வாண்டே தமக்கெனத் தனிக் கழகம் கண்டு, மறு ஆண்டு முதல் தனிப் பரிசு வழங்கலாயினர். 1963இல் எட்வர்டு ஆல்பியின் 'வர்சீனியா வுல்ஃபுக்கு அஞ்சுவார் யார்' என்னும் நாடகத்தை நடுவர் பரிந்துரைத்தனர். அதன் சொல்லாட்சியும் மணவாழ்வு பற்றிய காட்சிகளும் ஆட்சிக்குழுவுக்கு ஒவ்வவில்லை. அவ்வாண்டு நாடகத்துக்குப் பரிசே இல்லை என்று அறிவித்தது. நடுவர்களாகிய சான் மேசன் பிரவுன், சான் காசுனர் இருவரும் பதவி விலகினர்.

பரிசு மறுக்கப்பட்டதால் அந்நாடகம் அழியவில்லை. பிராடுவேயில் 664 ஆட்டங்கள் ஆடிற்று, 1966இல் திரைப்படமாயிற்று. ஆல்பிக்கே பின்னர் மூன்று முறை புலிட்சர் பரிசு கிட்டியது. வலுவான அரங்கு உள்ள நகரத்தில் பரிசாளரின் மறுப்பு நாடகத்தைக் கொல்லும் ஆற்றல் உடையதன்று. அரங்கு மெலிந்த சமூகத்தில் நிலை வேறு. அங்கே பரிசு ஒன்றே நாடகத்துக்குக் கிடைக்கும் வெளிச்சமாக இருக்கிறது. தமிழ்ச் சமூகம் அத்தகையது என்பதால், நடுவரின் விருப்பு வெறுப்பு நம்மிடையே பன்மடங்கு வலிமை பெறுகிறது.

ஒரே ஒரு நாடகம்

இந்தியச் சாகித்திய அகாதெமி 1955 முதல் தமிழ் நூல்களுக்குப் பரிசு வழங்கிவருகிறது. நாவல், சிறுகதை, கவிதை, திறனாய்வு, வாழ்க்கை வரலாறு எனப் பல துறை நூல்கள் பரிசு பெற்றுள்ளன. நாடகத்துக்காகப் பரிசு பெற்ற தமிழ் நூல் ஒன்றே ஒன்று. அது பாரதிதாசனின் 'பிசிராந்தையார்'. ஆண்டு 1969. பாவேந்தர் 1964 ஏப்ரல் 21ஆம் நாள் மறைந்துவிட்டார். பரிசு வந்தபோது ஆசிரியர் இல்லை. அன்றைய பரிசுத் தொகை 5,000 ரூபாய்.

பிசிராந்தையார் பாண்டிநாட்டுப் புலவர். கோப்பெருஞ்சோழன் சோழநாட்டு மன்னன். நேரிற் காணாமலே நட்புக் கொண்டு, வடக்கிருந்த மன்னனோடு புலவரும் உயிர்நீத்த புறநானூற்று வரலாறு தமிழர் அறிந்ததே. பொருள் உயர்ந்தது, நடை செந்தமிழ் நடை, ஆசிரியர் பெரும்புகழ் வாய்ந்த கவிஞர். நூலாகக் கொண்டு நோக்கின் தேர்வில் குறை காண்பதற்கில்லை. நாம் கருத வேண்டியது தேர்வின் தன்மையை. அகாதெமியின் விதி அச்சேறிய நூலை நோக்குகிறது. நடுவர் பெரும்பாலும் எழுத்தாளரும் பேராசிரியரும் ஆவர். அவர்கள் வாசித்துத் தீர்ப்பு வழங்குகின்றனர். மேடையில் அந்த உரையாடல் எத்தனை நொடி நிற்கும், நடிகன் மூச்சு எங்கே வாங்குவான், அவையோர் எங்கே சிரிப்பர் என்பன வாசிப்பு மேசையில் எழாத வினாக்கள்.

எழுபதாண்டு வரலாற்றில் ஒரே நாடகம் என்னும் நிலைக்கு இந்த விதியே முதன்மைக் காரணம் என்பது நம் துணிபு. மேடையில் வெற்றிபெற்ற நாடகங்கள் பல அச்சேறுவதில்லை. அச்சேறாதது பரிசுக்குரிய பட்டியலில் சேர்வதில்லை. பரிசு கிடைக்காத துறையில் பதிப்பாளர் முதல் இடுவதில்லை. எனவே மேலும் குறைவாகவே அச்சேறுகின்றன. வட்டம் இவ்வாறு தன்னைத்தானே இறுக்கிக்கொள்கிறது.

நாடகம் நூலாகவே வாழ்ந்த வரலாறும் நமக்கு உண்டு. பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' 1891இல் வெளிவந்தது. எந்தப் போட்டியிலும் பரிசு பெற்றதன்று. பாடநூலாக வகுப்பறைகளில் வாழ்ந்தது. அதன் முகப்பில் உள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. இன்று கோடிக்கணக்கானோர் நாவில் அப்பகுதி வாழ்கிறது. நாடகமோ மேடையில் காண்பதற்கு அரிதாகவே உள்ளது. வகுப்பறையும் ஒருவகை நடுவர் குழுவே. அது நாடகத்திலிருந்து தனக்கு வேண்டிய பாட்டை எடுத்துக்கொண்டது.

இதற்கு மறுபக்கமாக இந்திரா பார்த்தசாரதியைக் கூறலாம். 1977இல் அவர்க்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது 'குருதிப்புனல்' நாவலுக்கு. நாடகத்துக்கான பெரும் பரிசு 1999இல் வந்தது. 'இராமாநுசர்' நாடகத்துக்குச் சரசுவதி சம்மான் வழங்கப்பட்டது. தமிழுக்கு முதன்முதலாக அப்பரிசு கிடைத்ததும் அதனால்தான். பின்னர் 2004இல் சங்கீத நாடக அகாதெமியும் நாடகாசிரியர் என்ற முறையில் அவரைச் சிறப்பித்தது. நூலைப் பார்க்கும் அகாதெமி ஒன்று, கலைஞரைப் பார்க்கும் அகாதெமி மற்றொன்று. முன்னது பரிசு, பின்னது விருது. கூத்துப்பட்டறையை 1977இல் நிறுவிய ந. முத்துசாமிக்கும் 1999இல் சங்கீத நாடக அகாதெமி விருது கிட்டியது. அவரது நாடகங்கள் ஆடப்பட்டமைக்கு அவ்விருதினும் அப்பட்டறையே பெருங்காரணம். நடிகரைப் பயிற்றிய இடமே நாடகத்துக்கு நிவந்தமாக அமைந்தது.

நடுவரே மேடையாளராக இருந்தால்

பரிசும் மேடையும் ஒரே கையில் இருந்தால் விளைவது என்ன என்பதற்குத் தமிழ்நாட்டில் நல்ல சான்று உண்டு. டி.கே.எஸ். சகோதரர்கள் 1940களில் நாடகம் எழுதும் போட்டி ஒன்றை நடத்தினர். அதற்கு வந்து பரிசு பெற்றவற்றுள் அரு. இராமநாதனின் 'இராசராச சோழன்' ஒன்று. நாடகக் குழுவே போட்டியை நடத்தியதால், தேர்வில் மேடைக் கணக்கும் சேர்ந்தது. எத்தனை நடிகர், என்ன காட்சியமைப்பு, எவ்வளவு செலவு, பொதுமக்கள் இதனைக் காண வருவார்களா என்பவை புலமையாளர் குழுவில் எழாத கேள்விகள். அந்நாடகம் 1950களில் அக்குழுவினரால் மேடையேறிப் பெரும்புகழ் பெற்றது. 1973இல் சிவாசி கணேசன் நடிப்பில் தமிழின் முதல் சினிமாசுகோப்புப் படமாகவும் வெளிவந்தது. தஞ்சைக் கல்வெட்டில் பெயர் மட்டும் எஞ்சிய இராசராசனின் நாடகத்துக்குப் பின், அம்மன்னனை நாடகப் பாத்திரமாக மக்கள் மனத்தில் மீண்டும் நிறுத்தியது ஒரு போட்டி நாடகமே.

இம்முறைக்கும் ஒரு விலை உண்டு. மேடையாளர் வரவுசெலவு பார்த்தே தேர்வர். பெரிய அரண்மனை, வீர வசனம், அறிந்த வரலாறு ஆகியவை வெல்லும். சிறிய அறையில் இரண்டு பேர் பேசும் நாடகம் எளிதில் இடம்பெறாது.

இலங்கையில் வேறொரு வழி அமைந்தது. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழு, பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் இரு பணிகளை ஒருங்கே செய்தது. ஒன்று, நாடகம் எழுதும் போட்டி. சொக்கன் எழுதிய 'சிலம்பு பிறந்தது', சிகிரியாக் காசியப்பனைப் பற்றிய 'சிங்ககிரிக் காவலன்' ஆகியவை அவ்வாறு பரிசு பெற்று அச்சேறின. இரண்டும் பழம்பொருள் சார்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது. மற்றொன்று, நாட்டுக்கூத்தை மீட்டல். ஊர்தோறும் இருந்த அண்ணாவிமார்களைச் சிறப்பித்ததோடு, அவர்கள் கையில் இருந்த ஏடுகளையும் அக்குழு அச்சிட்டது. 'அலங்காரரூபன் நாடகம்' 1962இலும் 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' 1964இலும் வெளிவந்தன.

அதே காலத்தில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றை வித்தியானந்தன் மேடையேற்றினார். விடிய விடிய ஆடிய கூத்தைச் சில மணி நேரத்துள் அடக்கினார். சிங்கள அரங்கில் சரச்சந்திரரின் 'மனமே' 1956இல் ஏற்படுத்திய எழுச்சி இதற்கு ஒரு தூண்டுகோல். ஏட்டை அச்சிட்டது, ஆடுவோரைச் சிறப்பித்தது, இளையோரை ஆடவைத்தது ஆகிய மூன்றும் ஒரே தலைமையின்கீழ் நிகழ்ந்தன. பரிசு, விருது, நிவந்தம் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுசேர்ந்த அரிய காலம் அது. இன்று ஈழத்தில் கூத்து பல்கலைக்கழகங்களில் பயிலப்படுவதற்கு வித்து அங்கே இடப்பட்டது.

எந்தத் தமிழுக்குப் பரிசு?

மொழியியல் பயின்றவர் என்ற முறையில் நாம் மிகவும் கவலைகொள்வது இப்பகுதியைப் பற்றியே. தமிழ் இரட்டை வழக்கு மொழி. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் ஒலியிலும் உருபிலும் தொடரிலும் வேறுபட்டவை. கதையாசிரியர் விவரிப்பை எழுத்துத் தமிழிலும் உரையாடலைப் பேச்சுத் தமிழிலும் எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். நாடகாசிரியருக்கு அந்த வழி இல்லை. நாடகம் முழுவதும் உரையாடலே.

பேச்சுத் தமிழில் எழுதப்பட்ட நாடகத்தை வாசிப்பு மேசையில் வைத்து நோக்கும் நடுவர் முதலில் காண்பது 'வந்துட்டான்', 'போவல', 'சொல்லிப்புட்டேன்' போன்ற உருவங்களை. மேடையில் இவை இயல்பாக ஒலிக்கும். தாளில் இவை பிழையாகத் தோன்றும். நடுவர் தமிழாசிரியராகவும் இருப்பின் சிவப்பு மை தானாகவே கைக்கு வரும். ஆகவே எழுத்துப்படியை மட்டும் வைத்து நடத்தும் போட்டிகளில் மன்னர் நாடகங்களுக்கும் புராண நாடகங்களுக்கும் இயல்பாகவே ஒரு முற்சாய்வு ஏற்படுகிறது. மன்னன் செந்தமிழ் பேசினால் எவரும் ஐயுறார். மீன் சந்தையில் நிற்பவள் செந்தமிழ் பேசினால் நாடகம் பொய்யாகும். பேச்சுத் தமிழ் பேசினால் மதிப்பெண் குறையும். நாளடைவில் எழுதுவோர் இதனை உணர்ந்து, சந்தையை விட்டு அரண்மனைக்குக் குடிபெயர்கின்றனர்.

இத்தடையை முன்கூட்டியே உணர்ந்து எதிர்த்தவர் மொழியியலாளர் ஒருவர் என்பது நமக்குப் பெருமை. விபுலாநந்த அடிகளுக்குப் பின் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளை, 1940இல் 'நானாடகம்' என்னும் தொகுப்பையும் 1952இல் 'இருநாடகம்' என்னும் தொகுப்பையும் வெளியிட்டார். உடையார் வீட்டிலும் ஊர்த் திண்ணையிலும் யாழ்ப்பாணத்தார் எவ்வாறு பேசினரோ அவ்வாறே அவர் பாத்திரங்கள் பேசின. மொழியை ஆராய்ந்தவர்க்குப் பேச்சு வழக்கு இழிவாகத் தோன்றவில்லை. அதற்கும் ஓர் ஒழுங்கும் இலக்கணமும் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். யாழ்ப்பாணப் பேச்சின் ஒரு காலக்கட்டம் இன்று ஆய்வாளர்க்குக் கிடைப்பதற்கு அந்நாடகங்களும் ஒரு காரணம்.

பினாங்கும் நாமும்

இத்தீவு நாடகத்துக்குப் புதியதன்று. பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைக் கண்டு, மாமாக் பூசி என்பார் 1885ஆம் ஆண்டளவில் இங்கு அமைத்த குழுவிலிருந்தே பங்சாவான் என்னும் மலாய் அரங்கு வளர்ந்தது என்பர் நாடக வரலாற்றாசிரியர். இந்திய இசையும் கதையும் மலாய் மொழியில் கலந்து, தீவுக்கூட்டம் எங்கும் சென்ற கலை அது. போரியாவும் இத்தீவின் சொத்து. துக்காங் காராங் எனப்படும் பாட்டுத் தலைவர் பாட, குழு திரும்பிப் பாடி ஆடும். குழுக்கள் பரிசுக்காகப் போட்டியிடுவது அதன் இயல்பிலேயே கலந்தது. பரிசு பெறுவதும் மேடையில், தோற்பதும் மேடையில்.

1929இல் பினாங்கில் பிறந்த நூர்டின் ஹசான், இம்மண்ணின் கலைகளைத் தம் நாடகங்களில் எடுத்தாண்டார். 1970இல் தஞ்சோங் மாலிம் ஆசிரியர் கல்லூரியில் மேடையேறிய 'புக்கான் லாலாங் டித்தியுப் ஆஙின்' மலாய் அரங்கின் திருப்பமாகக் கொள்ளப்படுகிறது. 1993இல் அவர் தேசிய இலக்கியவாணர் ஆனார். நாடகாசிரியர் ஒருவர் நாட்டின் உயர்ந்த இலக்கியச் சிறப்பைப் பெற்றார் என்பது மகிழ்ச்சிக்குரியது. அச்சிறப்பு மலாய் மொழியில் எழுதுவோர்க்கே உரியது. ஆகவே தமிழ் நாடகத்தைத் தேரும் பொறுப்பு தமிழ்ச் சமூகத்தின் தோளிலேயே விழுகிறது.

நம்மிடையே சிறுகதைக்கும் கவிதைக்கும் நாவலுக்கும் போட்டிகள் நடப்பது போல் நாடகத்துக்கு நடப்பதில்லை என்பது அவையோர் அறிந்தது. நடப்பவை பெரும்பாலும் எழுத்துப்படிப் போட்டிகளாகவோ, பள்ளி விழாவில் ஒருநாள் ஆடி முடிவனவாகவோ உள்ளன. முன்னதில் ஏடு உண்டு, ஆட்டம் இல்லை. பின்னதில் ஆட்டம் உண்டு, ஏடு இல்லை. கோப்பை மட்டும் இரண்டிலும் உண்டு.

இதனால் இழப்பது எது? பால்மரக் காட்டில் பிறந்து நகரத்துக்குக் குடிபெயர்ந்த ஒரு தலைமுறையின் பேச்சு. லயம், கம்பம், கிராணி, மண்டோர், தவுக்கே ஆகியவை அன்றாடச் சொற்களாக இருந்த தமிழ் அது. காலை உணவைப் 'பசியாறுதல்' என்று அழகுற வழங்கும் தமிழ் அது. அகராதி இச்சொற்களைப் பட்டியலிடும். அவை எந்தத் தொனியில், யாரிடம், எத்தகைய அச்சத்தோடும் நகையோடும் சொல்லப்பட்டன என்பதை நாடகம் ஒன்றே காக்கும். தோட்டத்தில் பிறந்த தலைமுறை நம் கண்முன்னே குறைந்துவருகிறது. அவர்கள் பேச்சைக் கேட்டு எழுதுவோர்க்குப் பரிசில் இடமில்லையேல், அப்பேச்சு நாடகத்தில் இடம்பெறாமலே போகும்.

எனவே இம்மன்றத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். தமிழ் நாடகப் பரிசு ஒன்று ஏற்படுமாயின், பரிசுத் தொகையின் பெரும்பகுதி எழுத்தாளர் கைக்கும் நடிகர் குழுவின் கைக்கும் பகிர்ந்து செல்லட்டும். ஜார்ச்சுடவுனில் குறைந்தது மூன்று ஆட்டங்கள் நடத்துவது பரிசின் விதியாகட்டும். நடுவர் குழுவில் தமிழறிஞரோடு நடிகர் ஒருவரும் பொதுமக்களிலிருந்து குடவோலை வழியே எடுக்கப்பட்ட ஒருவரும் அமரட்டும். எழுத்துப்படியைக் கண்ணால் படிப்பதற்கு முன், நடிகர் வாய்விட்டு வாசிக்க அவர்கள் காதால் கேட்கட்டும். பரிசு பெற்றதும் பெறாததுமாகிய எல்லாப் படிகளும் நூலகத்தில் வைக்கப்படட்டும். பிலோக்கிளீசையும் சோபோக்கிளீசையும் பிரித்தறியும் உரிமையைப் பின்வருவோர்க்கு விட்டுவைப்போம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, முன்பு தோற்ற நாடகம் ஒன்றைத் தேர்ந்து மேடையேற்றட்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. ஒரு விருந்துக்கும் மலர்மாலைகளுக்கும் பொன்னாடைகளுக்கும் நாம் செலவிடும் தொகையில் ஒரு நாடகம் மூன்று நாள் ஆடலாம். சோழன் நாளொன்றுக்கு ஒரு தூணி நெல் என்று கணக்கிட்டான். நாமும் அவ்வாறே கணக்கிடத் தொடங்கினால் போதும்.